தொட்டி மேல் வைக்கும் வைஃபை கருவிக்கு எந்த பேட்டரி சரி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தை அளக்க ஈஎஸ்பி32 (வைஃபை வசதியுள்ள ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சிப்) உள்ள டெவலப்மென்ட் போர்டும், ஒலியலையால் தூரத்தை அளக்கும், 3.3 வோல்ட்டில் ஓடும் ஒரு அல்ட்ராசானிக் சென்சாரும் பொருத்தியிருக்கிறீர்கள். 15 நிமிடத்துக்கு ஒரு முறை கருவி விழித்து, அளந்து, வைஃபை வழியாக அனுப்பிவிட்டு மீண்டும் டீப் ஸ்லீப் என்ற ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகிறது. 9 வோல்ட் பேட்டரி இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. பவர் பேங்க் வைத்தால் சற்று நேரத்தில் அதுவாகவே அணைந்துவிடுகிறது. அடுத்து 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல் வாங்குவதா, சோலார் பேனல் தேவையா, எத்தனை எம்ஏஎச் (மில்லியாம்ப்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எம்ஏஎச் கணக்கைக் கடைசியில் போடுவோம். முதலில் தெரிய வேண்டியவை இரண்டு: கருவி உறங்கும்போது எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது, விழித்திருக்கும்போது ஒரே இழுப்பில் உச்சமாக எவ்வளவு கேட்கிறது. முதலாவது பேட்டரி எத்தனை நாள் வரும் என்பதைத் தீர்மானிக்கும். இரண்டாவது எந்த வகை பேட்டரி என்பதைத் தீர்மானிக்கும். இவை தெரியாமல் பேட்டரி வாங்கினால் பணம்தான் வீண்.

உறக்கத்திலிருந்து தொடங்குகிறேன். ஈஎஸ்பி32 சிப் டீப் ஸ்லீப்பில் சுமார் 10 மைக்ரோஆம்ப்தான் எடுக்கும் என்று அதன் தரவுத்தாள் சொல்கிறது. அது உண்மைதான், ஆனால் சிப்புக்கு மட்டும் உண்மை. நீங்கள் வாங்கியது சிப் அல்ல, போர்டு. பெரும்பாலான மலிவு போர்டுகளில் வோல்ட்டை 3.3 ஆக இறக்கித் தரும் ஏஎம்எஸ்1117 என்ற ரெகுலேட்டர் இருக்கும். வேலை எதுவும் செய்யாமல் சும்மா இருப்பதற்கே அது சுமார் 5 மில்லியாம்ப் தின்கிறது. அதோடு எப்போதும் எரியும் சிவப்பு எல்ஈடி, யுஎஸ்பி சிப், மின்சாரத்தில் இணைந்தபடியே இருக்கும் சென்சார் எல்லாம் சேர்ந்தால் உறக்கத்திலேயே 10 மில்லியாம்ப் போவது சாதாரணம். சிப்பின் அளவைப் போல ஆயிரம் மடங்கு.

இப்போது கணக்கைப் பாருங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் நாளுக்கு 96 முறை. ஒவ்வொரு முறையும் வைஃபையில் சேர்ந்து அனுப்ப 5 வினாடி, அந்த நேரத்தில் சராசரி 120 மில்லியாம்ப் என்று வைத்துக்கொள்வோம். 480 வினாடி விழிப்பு, அதாவது நாளுக்கு 16 எம்ஏஎச். உறக்கத்துக்கோ 10 மில்லியாம்ப் வீதம் 24 மணி நேரம், 240 எம்ஏஎச். மொத்தம் 256. ஒரு நல்ல ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 500 எம்ஏஎச். வகுத்துப் பாருங்கள், உங்கள் இரண்டு நாள் வந்துவிடும். பேட்டரியில் குறை எதுவும் இல்லை. மூடாத குழாயில் இரவு முழுக்கச் சொட்டிய தண்ணீர் மாதிரி, செலவில் பெரும்பகுதி கருவி தூங்கியபோதே போயிருக்கிறது.

அதே கருவியில் போர்டுக்குப் பதிலாக வெறும் ஈஎஸ்பி32 மாட்யூலையும் (சிப்பும் ஆண்டெனாவும் உள்ள சிறு தகடு), எச்டி7833 போன்ற ஒரு ரெகுலேட்டரையும் வைத்தால் நிலைமை அடியோடு மாறும். அந்த ரெகுலேட்டர் தனக்காக எடுப்பது சுமார் 4 மைக்ரோஆம்ப். கொடுக்கக்கூடியது 500 மில்லியாம்ப். உறக்கம் மொத்தமாக 20 மைக்ரோஆம்புக்குள் வந்தால் நாளுக்கு அரை எம்ஏஎச் கூட ஆகாது. 256 என்று இருந்த செலவு 16.5 ஆகிவிடும். இன்னும் புதிய பேட்டரி எதுவும் வாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்த இடத்தில் பலரும் தவறவிடும் இரண்டு கசிவுகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று சென்சார். அல்ட்ராசானிக் சென்சார்கள் அளக்காதபோதும் 2 மில்லியாம்ப் அளவுக்கு எடுத்துக்கொண்டே இருக்கும். அதன் மின்வழியில் சுவிட்ச் போல வேலை செய்யும் ஒரு சிறிய மாஸ்ஃபெட் வைத்து, அளக்கும்போது மட்டும் திறந்துவிடுங்கள். இன்னொன்று, பேட்டரி எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்க்க நாமே வைக்கும் ரெசிஸ்டர் ஜோடி. இரண்டு 100 கிலோஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக வைத்து நடுவில் அளப்பது வழக்கம். 4.2 வோல்ட்டில் அந்த ஜோடி வழியாக ஓயாமல் 21 மைக்ரோஆம்ப் ஓடும். சிப் தூங்கும்போது எடுப்பதைவிட இரண்டு மடங்கு! ஒரு மெகாஓம் ரெசிஸ்டர்கள் இரண்டைப் போட்டு, நடுப்புள்ளிக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வையுங்கள். கசிவு 2 மைக்ரோஆம்பாகக் குறையும், அளவும் ஆடாமல் வரும்.

அடுத்தது உச்ச இழுப்பு. ஈஎஸ்பி32 வைஃபையில் அனுப்பும் கணத்தில் 240 மில்லியாம்ப் வரை எடுக்கும். மின்வழி 500 மில்லியாம்பாவது தரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதன் தயாரிப்பாளரின் அறிவுரை. எந்த பேட்டரிக்கும் உள்ளே ஒரு தடை இருக்கிறது. மின்னோட்டம் கூடும்போது அந்தத் தடையில் வோல்ட் விழும். சாவி வளையத்தில் மாட்டும் புளூடூத் டேக், வெப்பமானி போன்றவற்றில் வரும் சிஆர்2032 பட்டன் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 3 வோல்ட், 220 எம்ஏஎச் அளவு. அதன் உள்தடை பத்து, இருபது ஓம் இருக்கும். 100 மில்லியாம்ப் இழுத்தால் ஒன்றிரண்டு வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும், ஈஎஸ்பி32 எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அதே செல்லில் என்ஆர்எஃப்52832 போன்ற புளூடூத் சிப் மாதக்கணக்கில் ஓடுகிறது. அது அனுப்பும்போது கேட்பதே 5 மில்லியாம்ப் சுற்றித்தான். பேட்டரி பெரிதா சிறிதா என்பதைவிட, கேட்பவனும் கொடுப்பவனும் பொருந்துகிறார்களா என்பதே இங்கே முக்கியம்.

எந்த பேட்டரி வைத்தாலும் மாட்யூலின் மின்கால்களுக்கு மிக அருகில் 470 முதல் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வையுங்கள். வைஃபை திடீரென்று இழுக்கும் கணத்தை அது தாங்கிக்கொள்ளும். காரணம் தெரியாமல் கருவி அடிக்கடி ரீசெட் ஆகிறது என்ற புகார்களில் பல இந்த ஒரு கெப்பாசிட்டரில் தீர்ந்துவிடும்.

இனி பேட்டரிகளைப் பார்ப்போம்.

9 வோல்ட் பேட்டரியை இந்த வேலைக்கு மறந்துவிடுங்கள். உள்ளே ஆறு குட்டி செல்கள் தொடராக இருக்கின்றன, அதனால்தான் கொள்ளளவு குறைவு. 9 வோல்ட்டை நேரியல் ரெகுலேட்டர் வழியாக 3.3 ஆக இறக்கும்போது, உள்ளே வரும் சக்தியில் 63 சதவீதம் சூடாகப் போகிறது. புகை எச்சரிக்கைக் கருவி போல மிகக் குறைவாக எடுக்கும் பொருள்களுக்கு அது சரி. வைஃபைக்கு அல்ல.

பவர் பேங்க் அணைந்துபோவதும் கோளாறு அல்ல. போன் சார்ஜ் ஆகி முடிந்தது என்று நினைத்து, இழுப்பு குறைந்தால் தன்னை நிறுத்திக்கொள்ளும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். தூங்கும் கருவி அதன் கண்ணுக்கே தெரியாது. அது அணையாமல் இருப்பதற்காக வேண்டுமென்றே மின்சாரத்தை வீணடிக்கும் ரெசிஸ்டர் வைக்கச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இவ்வளவு நேரம் அடைத்த கசிவை மறுபடி திறந்துவிடுவதற்குச் சமம் அது.

ஏஏ ஆல்கலைன் செல்கள் மோசமில்லை. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், 2000 எம்ஏஎச்சுக்கு மேல் வரும், தீப்பிடிக்கும் கவலை இல்லை. மூன்றைத் தொடராக வைத்து 4.5 வோல்ட்டிலிருந்து எச்டி7833 வழியாக ஓட்டலாம். ஆனால் ஆல்கலைன் பாதி தீர்ந்ததும் வோல்ட் சரியும், உள்தடை ஏறும். வைஃபை இழுக்கும் கணத்தில் கருவி ரீசெட் ஆகும், செல்லில் சக்தி மீதமிருந்தும் பயன்படாது. தீர்ந்த செல்லை உள்ளேயே மறந்துவிட்டால் கசிந்து ஸ்பிரிங்குகளை அரித்துவிடும். அதைவிட ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ செல்கள் மூன்றை நான் தயங்காமல் சொல்வேன். ஒன்று 1.2 வோல்ட்தானே என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஆனால் அதன் உள்தடை ஆல்கலைனைவிட மிகக் குறைவு. மூன்று சேர்ந்தால் முழு சார்ஜில் 4.2 வோல்ட் அருகில் தொடங்கி 3.3, 3.0 என்று இறங்கும், இந்த ரெகுலேட்டருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல. சுயமாகத் தீர்வது குறைவான வகையைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் லித்தியத்தைக் கண்டு பயப்படுபவர்கள் இருந்தால், அல்லது பள்ளிப் பிள்ளைகள் செய்யும் கருவி என்றால், இதுதான் என் முதல் தேர்வு.

18650 லித்தியம் அயன் செல்லுக்கு வருவோம். ஒரே செல், 3.7 வோல்ட், 2500 முதல் 3500 எம்ஏஎச், உச்ச இழுப்பு எவ்வளவு என்றாலும் கவலையே இல்லை. உங்கள் கருவிக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் வாங்கும்போது கண்ணைத் திறந்து வாங்குங்கள். 9900 எம்ஏஎச் என்று அச்சிட்டு மிக மலிவாக விற்கும் செல்கள் சந்தையில் கொட்டிக்கிடக்கின்றன. அந்த அளவுள்ள உருளைக்குள் அவ்வளவு சக்தியை அடைக்க முடியாது. கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும்: நல்ல 18650 செல் 45 முதல் 50 கிராம் இருக்கும். போலி பல நேரம் அதைவிடத் தெளிவாக லேசாக இருக்கும். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்களை ஆளில்லாத மொட்டைமாடியில் வைத்துவிட்டு வருவதும் வேண்டாம். இந்தியாவில் லித்தியம் செல்களுக்கு ஐஎஸ் 16046 தரப் பதிவு கட்டாயம். அந்தக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பு சர்க்யூட் உள்ள செல்லாக இருக்கட்டும், அல்லது பாதுகாப்புடன் வரும் டிபி4056 சார்ஜர் போர்டை இடையில் வையுங்கள்.

நீண்ட ஆயுள் என்று தேடினால் லித்தியம் தயோனைல் குளோரைடு என்ற செல்லும் கண்ணில் படும். 3.6 வோல்ட், ஏஏ அளவிலேயே 2400 எம்ஏஎச்சுக்கு மேல், ஆண்டுக்கு ஒரு சதவீதம்கூடச் சுயமாகத் தீராது. குடிநீர் மீட்டர், எரிவாயு மீட்டர்களில் பத்தாண்டு ஓடுவது இந்த வகைதான். ஆனால் அது பொறுமையான செல். வெகுநாள் சும்மா இருந்தால் உள்ளே லித்தியத்தின் மேல் ஒரு படலம் படியும். திடீரென்று இழுத்தால் அந்தப் படலம் கரையும்வரை வோல்ட் விழுந்து கிடக்கும். வைஃபையின் 240 மில்லியாம்ப் அதற்கு ஒத்துவராது. வைஃபைக்குப் பதில் லோரா (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் அனுப்பும் ரேடியோ முறை) வைத்து ஒரு பெரிய கெப்பாசிட்டரும் சேர்த்தால் அருமையாக ஓடும். ரீசார்ஜ் செய்ய முயலவே கூடாது, வெடிக்கக்கூடும்.

லோரா என்றதும் ஒரு வார்த்தை. தொட்டி வீட்டு மாடியில் இல்லாமல் தோப்பின் கடைசியில் இருந்தால் வைஃபையோடு மல்லுக்கட்டாதீர்கள். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். சிறிய செய்தியை ஒரு வினாடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விடும். சிம் கார்டு போட்ட ஜிஎஸ்எம் மாட்யூல் என்றால் கதை எதிர்ப்பக்கம்: எஸ்ஐஎம்800எல் போன்றவை கணநேரத்துக்கு 2 ஆம்ப் வரை இழுக்கும். மூன்று ஆல்கலைன் செல்லில் அதை ஓட்ட முயன்றால் நெட்வொர்க் தேடும்போதெல்லாம் அணைந்து அணைந்து எழும். அங்கே நல்ல லித்தியம் அயன் செல்லும், குட்டையான தடித்த ஒயர்களும் கட்டாயம்.

உங்கள் விஷயத்தில் முடிவை மாற்றக்கூடியது வெயில். சித்திரை, வைகாசியில் மொட்டைமாடியில் வெயில் நேராக விழும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் 60 டிகிரி தாண்டுவது அதிசயம் இல்லை. லித்தியம் அயன் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொதுவான வரம்பு. முழு சார்ஜுடன் சூட்டில் கிடந்தாலே அதன் ஆயுள் வேகமாகக் குறையும். சோலார் பேனல் வைத்தால் செல் மிகவும் சூடாக இருக்கும் நண்பகலில்தான் சார்ஜும் ஆகும், இரண்டு கெடுதலும் ஒரே நேரத்தில். ஆகவே சோலார் வைப்பதானால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லுக்குப் போங்கள். 3.2 வோல்ட், சூட்டில் நிலையானது, இரண்டாயிரம் தடவைக்கு மேல் சார்ஜ் தாங்கும். 18650 அளவில் 1500 எம்ஏஎச் சுற்றித்தான் கிடைக்கும், பரவாயில்லை. இதில் இன்னொரு வசதி, ரெகுலேட்டரே இல்லாமல் ஈஎஸ்பி32க்கு நேராகக் கொடுக்கலாம். முழு சார்ஜில் 3.6 வோல்ட் தொடும், சிப்பின் உச்ச வரம்பும் அதுதான். சார்ஜ் நின்றதும் 3.4க்குக் கீழே இறங்கி நிலையாக நிற்கும். சார்ஜருக்கு டிபி4056 கூடவே கூடாது, அது 4.2 வோல்ட் வரை ஏற்றிவிடும். பாஸ்பேட்டுக்கென்று 3.6 வோல்ட்டில் நிறுத்தும் சார்ஜர் வாங்குங்கள், பேனல் தரக்கூடிய மின்னோட்டத்துக்கு மேல் அது இழுக்காதபடி அமைத்துக்கொள்ளுங்கள்.

பேனல் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 6 வோல்ட், 1 வாட் பேனல் நல்ல வெயிலில் 100 மில்லியாம்புக்கு மேல் தரும். நாளுக்கு 16.5 எம்ஏஎச் செலவுக்கு ஒரு மணி நேர வெயில் போதும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு வாரம் சூரியனே வராவிட்டாலும் செல் தாங்கும். பேனலைப் பெட்டியின் மேல் ஒட்டிவிடாதீர்கள். நான்கு விரல் இடைவெளி விட்டு மேலே நிறுத்துங்கள். பேனலின் நிழல் பெட்டியில் விழும், இடையில் காற்று ஓடும்.

ஆனால் சோலாரே தேவையா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். நிரலைக் கொஞ்சம் மாற்றினால் அது இல்லாமலே ஓட்டலாம். 15 நிமிடத்துக்கு ஒரு முறை அளக்கட்டும், ஆனால் வைஃபையைத் திறக்காமல். நீர்மட்டம் முந்தைய அளவிலிருந்து 5 சென்டிமீட்டர் மாறியிருந்தால் மட்டும் அனுப்பட்டும். இரவில் தொட்டி அசையாது, எதற்கு வீணாக அனுப்ப வேண்டும்? நாளுக்கு 20 முறை அனுப்பினால் 3.3 எம்ஏஎச், அளப்பதற்கும் உறங்குவதற்கும் சேர்த்து ஒன்று, மொத்தம் சுமார் 4.3. 2500 எம்ஏஎச் செல்லில் 70 சதவீதம்தான் கைக்கு வரும் என்று கணக்குப் போட்டாலும் 400 நாளுக்கு ஓடும். மாற்றாமல் விட்டால் அதே செல் 106 நாள். நிரலில் மாற்றிய சில வரிகள் பேட்டரியை நான்கு மடங்காக்கிவிட்டன. ரவுட்டரிடம் ஒவ்வொரு முறையும் ஐபி முகவரி கேட்காமல் நிலையான முகவரி கொடுத்தால் அந்த 5 வினாடியும் குறையும்.

நிரலில் இன்னொன்றைக் கட்டாயம் சேருங்கள். மின்வெட்டில் ரவுட்டர் அணைந்துவிடும். கருவி வைஃபையைத் தேடித் தேடி விழித்தே இருந்தால், 120 மில்லியாம்ப் வீதம் 2500 எம்ஏஎச் 21 மணி நேரத்துக்குள் காலி. ஒரு நாள் ஊருக்குப் போய் வருவதற்குள் ஓராண்டு பேட்டரி தீர்ந்திருக்கும். 10 வினாடிக்குள் இணைப்பு கிடைக்கவில்லை என்றால் விட்டுவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள்.

ஆக, உங்களுக்கு நான் சொல்வது: போர்டைத் தூக்கிவிட்டு மாட்யூலும் எச்டி7833ம், பாதுகாப்புள்ள ஒரே ஒரு 18650 செல், சோலார் வேண்டாம். பெட்டியை வெயில் நேராக விழாத நிழலில் பொருத்துங்கள். செல்லைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து சார்ஜ் செய்யுங்கள், மாடியில் வேண்டாம். ஏறி இறங்கவே முடியாத இடம் என்றால் மட்டும் பாஸ்பேட் செல்லும் பேனலும்.

வாங்குவதற்கு முன் உறக்க மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். மல்டிமீட்டரை மைக்ரோஆம்ப் நிலையில் தொடராக வைத்தால் கருவி தொடங்கவே தொடங்காது. அந்த நிலையில் மீட்டருக்குள் 100 முதல் 1000 ஓம் வரை தடை இருக்கும், வைஃபை கேட்கும் மின்னோட்டம் அதன் வழியாகப் போகாது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுக் கருவியை இயக்குங்கள். அது அனுப்பி முடித்துத் தூங்கியதும் ஒயரை எடுத்துவிடுங்கள், மீட்டர் காட்டுவது உறக்கச் செலவு. அடுத்த விழிப்புக்கு முன் ஒயரை மறுபடி போட்டுவிட வேண்டும். 50 மைக்ரோஆம்புக்குக் கீழே என்றால் செல்லை வாங்கலாம். மில்லியாம்பில் காட்டினால் சென்சார், எல்ஈடி, ரெசிஸ்டர் ஜோடி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி எது குடிக்கிறது என்று பிடியுங்கள். வந்த அளவை எழுதுங்கள், அடுத்ததைப் பார்க்கலாம்.